யாத்திரிகனும் முன்சீப்பும்

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய நாள் மாலையில், நெல்லைச் சீமையிலிருந்து வந்து வடபுலத்து நகரொன்றில் அரசுப் பணி புரிந்த நண்பர் ஒருவரின் இல்லத்தில் இருந்தேன். வாசலில் நட்சத்திர விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுக்களையில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. அப்போது ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆள் வந்து, வண்ணத்தாள் சுற்றிய பெரிய பெட்டியொன்றை நீட்டினார். முந்திரியும் பாதாமும் கேக்கும் அடங்கிய பெட்டி. நண்பர் இன்முகத்துடன் வாழ்த்துக் கூறி, பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய சிறிய மகள் கேட்டாள்: "ஏன் அப்பா, பக்கத்து வீட்டு மாமி கொடுத்த இனிப்பை வாங்கிக்கொண்டீர்களே?" அதற்கு நண்பர், "மாமி நம் வீட்டுக்கு வந்தார்கள் அம்மா, இவர் என் மேசைக்கு வந்திருக்கிறார்" என்றார்.

அன்றிரவு ஆராதனைக்கு அவர்களுடன் நானும் சென்றிருந்தேன். பாடல்கள் இனிமையாக இருந்தன. பிரசங்கமும் நன்றாகவே இருந்தது. ஆயினும் ஒரு மனிதரின் சமய நம்பிக்கையை அன்று நான் நேரிற் கண்ட இடம் அந்த வாசற்படியே என்று இன்றும் எண்ணுகிறேன். இவ்வகை நம்பிக்கை, கோயிலுக்குள் நிற்கும் பக்தியாக இல்லாமல் மேசைக்கும் அடுக்களைக்கும் வரும் நம்பிக்கை, நம் இலக்கியத்தில் எங்கே இடம் பெற்றுள்ளது? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் என்றவுடன் வீரமாமுனிவரின் தேம்பாவணியும், எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பெயரைச் சொன்னால், 'தமிழின் முதல் நாவலாசிரியர்' என்ற தொடரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் கிறித்தவர் என்பதே பலருக்கு இரண்டாம் முறை சொன்னால்தான் நினைவில் நிற்கிறது. இந்த மறதிக்கு ஒரு காரணம் உண்டு. அதை ஆராய்ந்தால் நம் வினாவுக்கு விடையும் கிடைக்கும்.

புறப்படும் விசுவாசம்

வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். கிருஷ்ண பிள்ளை 1827இல் நெல்லையைச் சார்ந்த கரையிருப்பில் பிறந்தார். ஏறக்குறைய ஒரே வயதினர். இருவரும் வேளாளர் குலத்தவர். இருவரும் பழந்தமிழ் நூல்களில் தோய்ந்தவர்கள். ஆனால் ஒருவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் வைணவராகப் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, நெடிய மனப்போராட்டத்திற்குப்பின் 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். பிறப்பிலேயே சமயத்தைப் பெற்றவருக்கும், பெருவிலை கொடுத்து அதனைப் பெற்றவருக்கும் எழுத்து ஒரே வழியில் செல்லாது அல்லவா?

1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் 3,600க்கும் மேற்பட்ட செய்யுட்களால் ஆன பெருங்காப்பியம். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பயணம்' என்ற ஆங்கில உரைநடை நூலைத் தழுவியது. மூலநூலின் எளிய உரைநடையைக் கம்பன் நடந்த நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்த பெருமை கிருஷ்ண பிள்ளையுடையது. அவரைக் கிறித்தவக் கம்பர் என வழங்குவதில் மிகையில்லை.

இக்கதையின் அடிப்படை யாது? ஒருவன் தன் நகரம் அழியப்போகிறது என்றறிந்து அதைவிட்டு வெளியேறுகிறான். பனியனின் நூலில் அவன் மனைவியும் மக்களும் கூவியழைக்க, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். வழியில் சேற்றையும் மலையையும் சிறையையும் கடந்து மோட்ச நகரை அடைகிறான். இது புறப்பாட்டின் காவியம். உற்றாரைப் பிரிந்து ஞானஸ்நானம் பெற்ற ஒரு மனிதர் இக்கதையில் தம் வாழ்வைக் கண்டதில் வியப்பில்லை. பாடல்களில் உள்ள உருக்கம் கற்றுக்கொண்ட உருக்கமன்று, பட்டறிந்த உருக்கம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். யாத்திரிகனுக்கு வீடில்லை, வேலையில்லை, மாத வருமானமில்லை. அவன் எங்கும் தங்குவதில்லை. அன்றாட உலகம் இக்கதைக்கு மிக அருகில் வருவது மாயச் சந்தைக் காட்சியில். உலகத்துப் பொருளெல்லாம் விற்கும் அச்சந்தையில் யாத்திரிகர் எதையும் வாங்க மறுக்கின்றனர். அதுவே குற்றமாகி வழக்கு நடக்கிறது. பனியனின் கதையில் அந்த நீதிபதியே நன்மையைப் பகைப்பவன். விசுவாசியைக் கொல்லத் தீர்ப்பளிப்பவனும் அவனே. உயிர் தப்பிய யாத்திரிகன் சந்தையைவிட்டு மேலே நடக்கிறான். ஆனால் அச்சந்தையிலேயே கடை வைத்துப் பிழைக்கவேண்டியவன் என் செய்வது? அந்த நீதிமன்றத்திலேயே எழுத்தராக இருப்பவன் என் செய்வது? காவியம் அவர்களுக்கு வழி சொல்லவில்லை.

தங்கும் விசுவாசம்

விவிலியம் அவர்களுக்கும் வழி சொல்லியிருக்கிறது. லூக்கா எழுதிய நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், யோர்தான் ஆற்றங்கரையில் யோவானிடம் வரி வசூலிப்போர் வந்து, தாங்கள் செய்யவேண்டியது யாதெனக் கேட்கின்றனர். வனாந்தரத்தில் வாழ்ந்த அத்துறவி, வேலையை விட்டுவிட்டுத் தம்முடன் வரச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வசூலிக்காதீர்கள் என்ற கருத்தில் அறிவுரை கூறுகிறார். படைவீரர்களுக்கோ, எவரையும் வருத்திப் பறிக்காமல் சம்பளத்தோடு மனநிறைவு கொள்ளச் சொல்கிறார். இஃது இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே திருந்தும் வழி. இவ்வழியைத் தமிழில் எழுதிக்காட்டியவர் வேதநாயகம் பிள்ளை என்பது என் துணிபு.

அவர் வாழ்வே அலுவலக வாழ்வு. திருச்சி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் பணியில் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். பின்னர் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவி வகித்தார். மாயச் சந்தையின் நீதிபதி எந்த நாற்காலியில் அமர்ந்திருந்தானோ, அதே வகை நாற்காலியில் இங்கே விசுவாசி ஒருவர் அமர்கிறார். யாத்திரிகனுக்கு நேர்ந்த சோதனை எதிர்க்கூண்டில் நிற்கும் சோதனை. முன்சீப்புக்கு நேர்ந்ததோ தீர்ப்பெழுதும் பேனாவைப் பிடித்திருக்கும் சோதனை. இரண்டாவது எளிதென்று எண்ணுவோர் அலுவலக அனுபவம் இல்லாதவர்களே.

1859இல் வெளிவந்த அவருடைய நீதிநூலில் கடவுள், பெற்றோர், ஆசிரியர் என்ற பொதுப் பொருள்களோடு 'கைக்கூலி' என ஓர் அதிகாரமே உண்டு. லஞ்சத்திற்கு அவர் காலத்தில் பரிதானம், கைக்கூலி என்ற பெயர்கள் வழங்கின. திருவள்ளுவர் 'நடுவு நிலைமை' என அறத்தை வகுத்தார். அந்நடுவு நிலை எவ்விடத்தில் முறிகிறதோ அவ்விடத்தின் பெயரையே வேதநாயகர் தலைப்பாக்கினார். அதுபோலவே 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் இறைவனைத் துதிக்கும் பாடல்களோடு, குடும்பத்தையும் உத்தியோகத்தையும் பொருளாகக் கொண்ட பாடல்களும் இடம்பெற்றன. அதுவரை தெய்வங்களும் அரசர்களும் வள்ளல்களும் வீற்றிருந்த கீர்த்தனைக்குள், ராகத்தோடும் தாளத்தோடும் கச்சேரிக்கட்டடம் நுழைந்தது. இன்றும் சங்கீத மேடைகளில் அக்கீர்த்தனைகள் சில ஒலிக்கின்றன. பாடுவோரும் கேட்போரும் எச்சமயத்தவராயினும் தயங்குவதில்லை.

பெயர் சொல்லாத பக்தி

இங்கேதான் இரு திசையிலிருந்தும் மறுப்பு எழுகிறது. 'சமரசம் என்ற பெயரில் இவர் தம் சமயத்தை மறைத்தார்' என்று சிலர் குறை கூறுவர். 'சமயத்தைக் கடந்தவர், கிறித்தவம் அவருக்குப் பிறப்பால் வந்த அடையாளம் மட்டுமே' என்று வேறு சிலர் புகழ்வர். இரண்டும் பொருந்தா. அவர் தேவமாதா அந்தாதியும் திருவருள் அந்தாதியும் பாடியவர். தம் சமயத்தைச் சொல்ல நாணியவர் அந்தாதி பாடியிருப்பாரா? எனவே நீதிநூலிலும் கீர்த்தனையிலும் நாவலிலும் அவர் கடைப்பிடித்த மௌனம் அச்சத்தால் விளைந்ததன்று. அது பதவியின் பண்பு. நீதிமன்றத்திற்கு வருபவன் எச்சமயத்தவன் என்று கேளாமல் அவனுக்கு நீதி வழங்குவதே முன்சீப்பின் தர்மம். அவருடைய எழுத்தும் அவ்வாறே வாசகனைச் சமயம் கேளாமல் உள்ளே விடுகிறது. அவரது விசுவாசம் அங்கே பெயர்ப்பலகையாக இல்லை, நடத்தையாக இருக்கிறது. அவர் கிறித்தவர் என்பதை நாம் மறந்துபோனதற்கும் இதுவே காரணம்.

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தைப் பார்ப்போம். தமிழில் நல்ல வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே எழுதியதாக ஆசிரியர் முன்னுரையில் கூறுகிறார். அதன் தொடக்கப் பகுதியில் நகைச்சுவை மிக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. செல்வ வீட்டுப் பிள்ளையாகிய பிரதாபன் பாடத்தில் தவறு செய்வான். அடி விழுவதோ உடன் பயிலும் கனகசபை என்ற சிறுவனுக்கு. சிறு வயதில் இப்பகுதியைப் படித்துச் சிரித்தேன். வளர்ந்தபின் சிரிப்பு அடங்கியது. ஒருவன் பிழைக்கு மற்றொருவன் அடிபடுவது கிறித்தவ சமயத்தின் உயிர்நாடியான செய்தி. ஆனால் அங்கே அது தானே விரும்பி ஏற்ற தியாகம். இங்கே வலியவன் எளியவன்மேல் சுமத்திய கொடுமை. சிலுவையைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், சிலுவையை எளியோரின் முதுகில் ஏற்றிவைக்கும் குடும்பத்தை ஆசிரியர் நமக்குக் காட்டிவிடுகிறார். அவர் அவ்வாறு எண்ணித்தான் எழுதினாரா என்பதை நாம் உறுதி கூற இயலாது. ஆனால் விவிலியத்தில் ஊறிய மனம் ஒன்று எழுதிய பக்கம் அது என்பதை உணர இயலும்.

நாவலின் பிற்பகுதியில் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் விக்கிரமபுரியின் அரசாட்சியை ஏற்கிறாள். அங்கே நீதிமன்ற மொழி பற்றிய விவாதம் வருகிறது. தமிழ் வழக்கை, தமிழ் நீதிபதிமுன், தமிழ் வக்கீல் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை ஆசிரியர் எள்ளி நகையாடுகிறார். இதனை மொழிப்பற்று என்ற தலைப்பில் அடக்கிவிடுவது நம் வழக்கம். ஆனால் இதன் வேர் வேறிடத்தில் உள்ளது. தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பு, தன் காதுமுன்னாலேயே தனக்கு விளங்காத ஒலியாகப் போய்விடும்போது நிற்கும் குடியானவனின் முகத்தை அவர் நாள்தோறும் கண்டவர். எனவே நாவல் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாகத் தந்தார். அலுவல் முடிந்த மாலை நேரங்களில் ஐம்பத்தேழு ஆண்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்குவது எத்தகைய உழைப்பு! அதில் புலமைப் புகழ் இல்லை, சுவையும் இல்லை. பிறனை நேசி என்ற கட்டளை ஒரு மொழிபெயர்ப்பாளரின் மேசையில் எடுக்கும் உருவம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது. அப்போது வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோரைக் காத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கொடையை வியந்து அவர்மேல் கீர்த்தனை பாடினார். சிவபக்தர் ஒருவர் கிறித்தவர் ஒருவரைப் பாடுகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் குளத்துக்கோவை பாடினார். வேதநாயகரோ திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர்மேல் செய்யுட்கள் பாடினார். இந்நட்புகளை உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் நன்றியோடு பதிவு செய்துள்ளார். இறுதித் தீர்ப்பு நாளில் மனிதரிடம் கேட்கப்படும் கணக்கு, பசித்தவனுக்கு உணவும் தாகமுற்றவனுக்கு நீரும் கொடுத்தாயா என்பதே என்று மத்தேயுவின் நற்செய்தி கூறுகிறது. அந்தக் கணக்கை அருகிருந்து எழுதிவைத்தவர்கள் சைவப் புலவர்கள் என்பது சிந்தித்தற்குரியது.

குறையும் நிறைவும்

எனினும் போற்றுதலோடு நின்றால் இது திறனாய்வாகாது. நாவலின் பெருங்குறை, நன்மைக்கு அது உடனடிக் கூலி கொடுத்துவிடுவது. ஞானாம்பாளுக்கு அரசாட்சி எப்படிக் கிட்டியது? யானை மாலையிட்டதால் கிட்டியது. நேர்மையுள்ளோர் உயர்கின்றனர், தீயோர் தண்டனை பெறுகின்றனர். நம் அலுவலகங்களில் யானை மாலையுடன் வருவதில்லை. இரண்டாவதாக, கதைத் தலைவன் செல்வன். அவனுக்கு மாதக் கடைசி என்பதே இல்லை. பள்ளிக் கட்டணத்திற்கும் வீட்டு வாடகைக்கும் இடையே நசுங்கும் சிறிய எழுத்தரின் வீட்டில் கைக்கூலி எத்தனை நியாயமான முகத்தோடு வந்து நிற்கும் என்பதை முன்சீப் அறிந்திருப்பார். ஆனால் நாவலாசிரியர் அந்த வீட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்லவில்லை. மூன்றாவதாக, பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்தில் அறவுரைகள் பேசுகின்றன. ஞானாம்பாள் அறிவில் சிறந்தவளாக இருப்பதால், தடுமாறும் உரிமையை ஆசிரியர் அவளுக்கு வழங்கவில்லை.

இக்குறையை நிறைவு செய்பவர் யார்? நாம் முன்னே குறை கூறிய கிருஷ்ண பிள்ளையே. நேர்மைக்கு விலை உண்டு என்பதை யாத்திரிகம் ஓரிடத்திலும் மறைக்கவில்லை. அவனுக்குப் பாரம் உண்டு; சேறு உண்டு; சிறை உண்டு; உடன்வந்த தோழனை இழக்கும் துயரம் உண்டு. எங்கே வாழவேண்டும் என்பதை முன்சீப் கூறுகிறார். அங்கே வாழ்வதற்கு என்ன கொடுக்கவேண்டும் என்பதை யாத்திரிகன் கூறுகிறான். காவியத்தைத் தனியே படித்தால், உலகத்தைவிட்டு ஓடுவதே பக்தி என்று தோன்றும். நாவலைத் தனியே படித்தால், நல்லவனாயிருப்பது இலாபமான தொழில் என்று தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படிக்கையிலேதான் அன்றாட விசுவாசத்தின் முழு உருவம் தெரிகிறது.

நாமும் ஒருவகையில் யாத்திரிகர்களே. ஊரைவிட்டுப் புறப்பட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டோம். ஆனால் நம் பயணம் ஒரு குடியிருப்பில், ஓர் அலுவலகத்தில், ஒரு நாற்காலியில் வந்து நின்றுவிட்டது. கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ ஏதோ ஒன்றை வந்த இடத்திலும் எழுப்பிக்கொண்டோம். திருவிழாக்களுக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைகள் நம் சமயத்தைக் கற்பது அவ்விழாக்களில் மட்டுமன்று. நாம் வீட்டுக்குக் கொண்டுவரும் பொருளிலும், வாசலோடு திருப்பியனுப்பும் பொருளிலும் அதனைக் கற்கின்றனர்.

அந்த நண்பரின் கதைக்கு மகிழ்ச்சியான முடிவு இல்லை. அடுத்த ஆண்டே அவருக்கு எவரும் விரும்பாத ஊருக்கு மாற்றல் வந்தது. பெட்டிக்கும் மாற்றலுக்கும் தொடர்புண்டா என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சாமான் கட்டும் நாளில் உதவிக்குச் சென்றபோது, அவர் மனைவி விவிலியத்தையும் கீர்த்தனைப் புத்தகத்தையும் ஒரே துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "இவை லாரியில் வேண்டாம் அண்ணா, எங்கள் கையோடு வரட்டும்" என்றார். மகளுடைய பள்ளிப் படிப்பு நடுவில் தடைப்பட்டதே அவர்களுக்குப் பெரிய வருத்தம். அதை அவர்கள் மறைக்கவுமில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் மாலைக்காக வருந்தவுமில்லை.

நம் சங்க நூலகத்தின் அலமாரியில் பிரதாப முதலியார் சரித்திரமும், நீதிநூலும், சர்வ சமய சமரசக் கீர்த்தனையும், இரட்சணிய யாத்திரிகமும் அருகருகே இருத்தல் வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குத் தேர்வுக்குரிய ஆண்டுகளையும் பட்டங்களையும் மட்டும் சொல்லாமல், அவர்களோடு அமர்ந்து சில பக்கங்களையேனும் உரக்கப் படித்துக்காட்டுதல் வேண்டும். கனகசபை அடிபடும் பகுதியிலிருந்து தொடங்கலாம். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், சிறிது நேரம் கழித்து, "அவனை ஏன் அடிக்கவேண்டும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருப்போமாக.